பாண்டா டப்பாவைத் திறக்கலாமா? கொரியா கிரீம் போட்டுப் பார்த்தவர்கள் வாருங்கள்

கொரடாச்சேரி டீச்சர்
ஆடிப்பெருக்குக்குச் சென்னையிலிருந்து அண்ணன் மகள் வந்திருந்தாள். காதோலை கருகமணியை ஆற்றில் விட்டுவிட்டு வந்து, ஈரக்காலோடு திண்ணையில் உட்கார்ந்து என் மடியில் ஒரு பையைக் கொட்டினாள். "எல்லாம் கொரியா, அத்தை. போட்டுப் பாருங்க" என்று சொல்லிவிட்டு மறுநாள் பஸ் ஏறிப் போய்விட்டாள்.

பையில் இருந்தவை: பாண்டாக் கரடி ஒன்று, கட்டைவிரல் பருமன், தலையைத் திருகினால் உள்ளே வெள்ளைக் குச்சி. கோழிமுட்டை ஒன்று, நிஜ முட்டை என்றே ஃபிரிட்ஜில் வைத்திருப்பேன். தக்காளி ஒன்று, காம்பு இலையோடு. புலி முகம் அச்சடித்த ஈரத்துணி மாஸ்க் நான்கு. கண்ணாடி வைத்த வட்ட டப்பாவில் பஞ்சு. அப்புறம் அரிசி என்று எழுதிய டியூப் ஒன்று.

எனக்கு வயது 46. இதுவரை என் முகம் பார்த்ததெல்லாம் பாசிப்பயறு மாவு, மஞ்சள், விசேஷத்துக்குப் பவுடர். தினமும் 14 கிலோமீட்டர் ஸ்கூட்டியில் பள்ளிக்கூடம். வாய்க்கால் கரை ரோடு, நிழலே கிடையாது. நான்கு வருடமாக இரண்டு கன்னத்திலும் மங்கு விழுந்திருக்கிறது. இதில் எதை முதலில் போடுவது, எது வீண் வேலை? இன்னொன்று, சிரிக்காதீர்கள்: அந்தப் பாண்டாவைத் திறக்கவே மனசு வரவில்லை.

வெற்றிலைக்கொடி, கும்பகோணம்
டீச்சரக்கா, சிரிக்கவில்லை. நானும் ஒரு மாதம் திறக்காமல் மேசையில் வைத்து அழகு பார்த்தவள்தான்.

பாண்டா, முட்டை, தக்காளி மூன்றும் டோனிமோலி கம்பெனிச் சரக்காக இருக்கும். அவர்களுக்கு இதுவே பிழைப்பு. வாழைப்பழ வடிவில் கைக்கு கிரீம் போடுவார்கள், முயல் வடிவில் ஸ்ப்ரே போடுவார்கள். ஹோலிகா ஹோலிகாவின் சோற்றுக்கற்றாழை ஜெல் கற்றாழை மடல் மாதிரியே பச்சைப் பாட்டிலில் வரும். எட்யூட் ஒரு சமயம் குச்சி ஐஸ் வடிவில் உதட்டுச் சாயம் விட்டது. பக்கத்து வீட்டுக் குட்டிப் பெண் அதைக் கேட்டு அழுதாள்.

பாண்டா கண்ணுக்குக் கீழே தடவுவது. சில்லென்று இருக்கும், அவ்வளவுதான். கருவளையம் போகும் என்று காத்திருக்க வேண்டாம். முட்டை மூக்கில் கரும்புள்ளிக்கு. தக்காளி தடவிக் கழுவும் பேக். புலி மாஸ்க் 15 நிமிஷம் ஒட்டி வைத்து எடுக்க வேண்டும், காய விடக் கூடாது. காய்ந்தால் முகத்து ஈரத்தையே திரும்ப இழுத்துக்கொள்ளும். போட்டுக்கொண்டு மட்டும் வாசலுக்குப் போகாதீர்கள். பால்காரர் எங்கள் வீட்டுக்கு இப்போதெல்லாம் குரல் கொடுத்துவிட்டுத்தான் கேட்டைத் திறக்கிறார்.

மருந்துக்கடைக்காரர்
டீச்சர், போடுவதற்கு முன்னால் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். இறக்குமதி அழகுப் பொருள் எதுவாக இருந்தாலும் இங்கே விற்க மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் பதிவு வேண்டும். 2020ஆம் ஆண்டு அழகுசாதன விதிகள் அப்படித்தான் சொல்கின்றன. பதிவு எண்ணும் இறக்குமதி செய்தவரின் பெயர், விலாசமும் ஸ்டிக்கராகவாவது ஒட்டியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் யாரோ பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தது, அல்லது போலி.

அடுத்தது தேதி. கொரியாக்காரர்கள் வருடத்தை முதலில் போடுவார்கள், பிறகு மாதம், கடைசியில் நாள். தேதிக்குப் பக்கத்தில் கொரிய எழுத்தில் 'ஜேஜோ' என்று இருந்தால் அது தயாரித்த தேதி. 'க்காஜி' என்று இருந்தால் அதுவரை பயன்படுத்தலாம். தயாரித்த தேதியைக் காலாவதி என்று நினைத்துப் புது டப்பாவைக் குப்பையில் போட்டவர்களும் உண்டு, காலாவதியைத் தயாரித்த தேதி என்று நினைத்துப் பூசிக்கொண்டவர்களும் உண்டு. திறந்த டப்பா படமும் 12 என்ற எண்ணும் இருந்தால், திறந்து 12 மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்று அர்த்தம். ஆகவே பாண்டாவைத் திறக்காமல் வைத்தாலும் அது என்றைக்கும் இருக்காது.

பரிசோதனை ரொம்ப சுலபம். காதுக்குப் பின்னால் அல்லது முழங்கை மடிப்பில் துளி தடவி இரண்டு நாள் விடுங்கள். அரிப்பு, சிவப்பு இல்லையென்றால் முகத்துக்குப் போகலாம். ஒரு வாரத்துக்கு ஒரு பொருள் மட்டும். ஆறையும் ஒரே நாளில் பூசிக்கொண்டு வந்து "எது ஒத்துக்கலை?" என்று கேட்டால் நான் ஜோசியம்தான் பார்க்க வேண்டும்.

சுணைக்காரன், வலங்கைமான் பக்கம்
கேட்கிறேன் என்று கோபிக்காதீர்கள். அரிசித் தண்ணியைப் பாட்டிலில் அடைத்து, அதற்கு ஒரு படம் போட்டு, கடல் தாண்டிக் கொண்டுவந்து, நெல் விளைகிற ஊர்க்காரனிடமே விற்கிறான். நாமும் வாங்குகிறோம். எங்கள் வீட்டில் கழனித்தண்ணி மாட்டுத் தொட்டிக்குப் போகிறது. அந்த மாட்டுக்குத்தான் இந்தத் தெருவிலேயே தோல் பளபளப்பு.

குறுவை அறுக்க ஆள் கிடைக்காமல் நான் அல்லாடுகிறேன், இங்கே பாண்டாவுக்குக் கண் சில்லென்று இருக்கிறதாம். நடக்கட்டும்.

வெற்றிலைக்கொடி
அண்ணா, பாண்டாவுக்கு இல்லை, நமக்குச் சில்லென்று இருக்கும். படித்துவிட்டுத் திட்டுங்கள்.

தஞ்சாவூர் தலையாட்டிப் பொம்மையை யாராவது "இது என்ன உபயோகம்" என்று கேட்டு வாங்குகிறார்களா? பார்த்தால் சிரிப்பு வருகிறது, வாங்குகிறோம். காலையில் எழுந்ததும் ஒரு முட்டையும் பாண்டாவும் என்னைப் பார்த்துச் சிரிப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் ஒரு நாளைக்கு 11 மணி நேரம் துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறவள். இதற்கு மேல் காரணம் சொல்ல மாட்டேன்.

பூசானில் ஒரு பட்டுக்கோட்டையான்
நல்ல இழை. நான் இங்கே கப்பல் கட்டும் வேலையில் இருக்கிறேன், பூசானில் ஐந்து வருடம் ஆகிறது. சுணைக்காரன் அண்ணே, நீங்கள் சொன்ன கழனித்தண்ணிக் கதை இங்கேயும் இருக்கிறது. அரிசி கழுவிய தண்ணீரில் முகம் கழுவுவது இவர்கள் பாட்டிகளுக்கும் வழக்கம்தான். குழம்புக்கும் அதையே ஊற்றுவார்கள். இன்னொன்று கேளுங்கள். அந்தக் காலத்தில் இவர்கள் முகம் கழுவியது பயறு அரைத்த மாவில். 'ஜோது' என்று பெயர். பச்சைப்பயறு, சிவப்புக் காராமணி மாதிரி ஒன்று, இரண்டையும் அரைத்துச் சலித்து வைத்துக்கொள்வார்கள். டீச்சர் போடும் பாசிப்பயறு மாவுதான், வேறென்ன.

கடையில் போய்ப் பொருளின் பெயரைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 'சிக்கா' கிரீம் என்று பச்சை டப்பாவில் வரிசையாக அடுக்கியிருப்பான். பருத் தழும்புக்கு, எரிச்சலுக்கு. அது என்ன என்று பார்த்தால் வல்லாரை. இவர்கள் மொழியில் பியோங்புல். நம் ஊர் வாய்க்கால் கரையில் காலில் மிதிபடுகிற அதே கொடி. 'சுக்' என்று ஒரு செடியின் சாறு 'எசென்ஸ்' பெயரில் விலை போகிறது. அது மரிக்கொழுந்தின் பேரினத்தைச் சேர்ந்தது. தஞ்சாவூர்ப் பூச்சந்தையில் கதம்பத்தில் சேர்த்துக் கட்டுவார்களே, அந்த மரிக்கொழுந்தின் ஒன்றுவிட்ட தங்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதிமதுரமும் உண்டு, தாமரையும் உண்டு.

ஆனால் ஒன்று. வல்லாரையைப் பறித்து அம்மியில் அரைத்துப் பூசினால் அதுவும் இதுவும் ஒன்றாகிவிடாது. இவர்கள் சாறெடுத்து, வடித்து, கெடாமல் இருக்கப் பதம் பார்த்து வைக்கிறார்கள். நம் கழனித்தண்ணி மதியத்துக்குள் புளித்து வாடை அடிக்கும். அந்த வித்தியாசத்துக்குத்தான் காசு. மீதிக் காசு பாண்டாவுக்கு.

இன்னொரு விஷயம். பத்து அடுக்கு பூசுகிறார்கள் என்று வெளியே பேசிக்கொள்கிறார்கள். என்னோடு வேலை செய்கிற ஆட்கள் யாரும் பத்தெல்லாம் பூசிப் பார்த்ததில்லை. கழுவுவார்கள், தண்ணி மாதிரி ஒன்று, கிரீம் ஒன்று, பகலில் வெயில் கிரீம். இங்கே மார்கழி, தை மாதத்தில் குளிர்காற்று உதட்டைக் கிழித்துவிடும். அடுக்கடுக்காகப் பூச வேண்டிய ஊர் இது. மாயவரத்துச் சித்திரையில் அதையே செய்தால் வழிந்து கழுத்துக்கு வந்துவிடும்.

விலையும் சொல்கிறேன். டைசோ என்று கடை இருக்கிறது, எதுவானாலும் 5,000 வொன்னுக்கு மேல் கிடையாது. கிரீம், மாஸ்க் எல்லாம் அங்கேயே கிடைக்கும். நம் ஊரில் கொரியா என்றாலே ஒசத்தி என்று நினைக்கிறோம். இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கைச்செலவுக் காசில் வாங்குகிற சாமான் இது. பாண்டா, முட்டை எல்லாம் அவர்களை மனதில் வைத்துச் செய்ததுதான்.

மாயவரத்து மாமி
எல்லாரும் பயறு, அரிசி என்று அழகாகப் பேசுகிறீர்கள். நத்தையைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்கவில்லையே!

என் நாட்டுப்பெண் ஆறு மாதமாக ஒரு பாட்டில் வைத்துக்கொண்டு, குளித்ததும் முகத்தில் தட்டிக்கொண்டு, அப்புறம் பூஜைக்குப் பூத்தொடுக்க உட்காருவாள். வழவழவென்று நூல் மாதிரி இழுக்கும். கற்றாழை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். போன வாரம் பேரன் பாட்டிலை வாசித்துக் காட்டினான். 96 சதவீதம் நத்தைச் சாறாம். நத்தை! நான் வெங்காயம் கூட அமாவாசைக்குச் சேர்ப்பதில்லை.

பூசானில் ஒரு பட்டுக்கோட்டையான்
மாமி, கோஸ்ஆர்எக்ஸ் பாட்டிலாக இருக்கும். நத்தையைக் கொல்வதில்லை, அது ஊர்ந்து விட்ட வழவழப்பைச் சேகரித்து வடிகட்டுகிறோம் என்றுதான் கம்பெனிகள் சொல்கின்றன. தேன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாயவரத்து மாமி
தேனோடு இதைச் சேர்க்காதேடா அம்பி.

சுணைக்காரன்
மாமி, எங்கள் பக்கம் நடவு முடிந்த வயலில் நத்தை பொறுக்கிக் கறி வைப்பார்கள். மூலத்துக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வார்கள். முகத்தில் பூசிக் கேள்விப்பட்டதில்லை. இத்தனை வருடம் வரப்பில் கோடி ரூபாயை மிதித்துக்கொண்டு நடந்திருக்கிறேன்.

கொரடாச்சேரி டீச்சர்
மூன்று வாரம் கழித்து வருகிறேன். மருந்துக்கடைக்காரர் சொன்னபடி வாரத்துக்கு ஒன்று.

முதல் வாரம் தக்காளி. நன்றாக இருந்தது, வாசனையும் நன்றாக இருந்தது, கழுவியதும் முகம் ஒரு மணி நேரம் பளிச்சென்று இருந்தது. பயறு மாவு போட்டாலும் அந்த ஒரு மணி நேரம் கிடைக்கிறது. சரி.

இரண்டாம் வாரம் அந்த வட்ட டப்பாப் பஞ்சு. பஞ்சை அழுத்தினால் அதில் ஊறியிருக்கும் பூச்சு மேலே வருகிறது, சின்னத் தட்டைப் பஞ்சால் ஒற்றிக்கொள்ள வேண்டும். டப்பாவில் 21 என்று போட்டிருந்தது. ஒற்றிக்கொண்டு கண்ணாடி பார்த்தால், திருநீற்றுப் பானையில் விழுந்து எழுந்தவள் மாதிரி இருந்தேன். கழுத்து ஒரு நிறம், முகம் ஒரு நிறம். ஏழாம் வகுப்பில் ஒரு பையன் "டீச்சர், காய்ச்சலா?" என்று கேட்டான். மதியம் கழுவிவிட்டேன்.

மூன்றாம் வாரம் அந்த அரிசி டியூப். அண்ணன் மகளிடம் போனில் கேட்டேன், அது வெயிலுக்குப் போடும் கிரீமாம். இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகம், கழுத்து, காது மடல் என்று பூசிக்கொண்டு போனேன். வெள்ளை படியவில்லை. ஆனால் யாரும் சொல்லாத ஒரு கஷ்டம்: பொட்டு நிற்கவில்லை. ஒட்டுப்பொட்டு முதல் பீரியடில் மூக்குக்கு வந்துவிட்டது, இரண்டாவது பீரியடில் வருகைப் பதிவேட்டில் ஒட்டியிருந்தது. தலைமையாசிரியர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் பக்கத்தைத் திருப்பினார். இப்போது நெற்றி நடுவில் ஒரு காசு அளவுக்குப் பூசாமல் விடுகிறேன். குங்குமம் வைப்பவர்களானால் முதலில் அந்த இடத்தைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு வையுங்கள்.

மஞ்சள் பூசிக் குளித்த அன்று இதைப் போட்டால் வியர்வையோடு இறங்கிச் சேலைக் கழுத்தோரம் மஞ்சளாகிறது. இதையும் எழுதி வைக்கிறேன், யாருக்காவது உதவும்.

நாகூர் நிலா
டீச்சர், 21 என்பது அவர்கள் ஊரில் சாதாரண வெளிர் நிறம். 13 இன்னும் வெளிர். 23 கொஞ்சம் அழுத்தம். பல கம்பெனிகளில் வெகுகாலம் அதோடு சரி. நான் நல்ல கறுப்பு. 23ஐப் போட்டால் எனக்கும் சாம்பல்தான். டிர்டிர் என்று ஒரு கம்பெனி, சிவப்பு முட்டை மாதிரி டப்பா, முதலில் மூன்று நிறம்தான் வைத்திருந்தார்கள். வெளிநாட்டுக் கறுப்பினப் பெண்கள் போட்டுக் காட்டி "எங்களுக்கு எங்கே?" என்று கேட்டபின் 2024ல் 30 நிறம் வரை கொண்டுவந்தார்கள். கேட்டால் கிடைக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அந்தப் பஞ்சு டப்பா வந்த கதை தெரியுமா? 2008ல் அமோர்பசிபிக் கம்பெனி ஐயோப் என்ற பெயரில் கொண்டுவந்தது. வாகன நிறுத்தத்தில் சீட்டில் குத்துகிற முத்திரைப் பஞ்சைப் பார்த்துத்தான் யோசனை வந்ததாம். மை சிந்தாமல் அளவாக வருகிறதே, அதே மாதிரி முகப்பூச்சும் வரட்டும் என்று.

கடலோரத்துக்காரியாக இரண்டு வார்த்தை. எங்கள் போர்த் தண்ணீர் உப்பு. சோப்பு நுரைக்காது, முகத்தில் பிசுபிசுவென்று படியும். கொரியா ஃபேஸ்வாஷ் அந்தத் தண்ணீரிலும் நுரைத்துப் போகிறது. சோப்பு மாதிரி காரம் இல்லாததால் முகம் இழுக்கவும் இல்லை. எனக்குக் கொரியாச் சாமானில் உண்மையாகப் பிடித்தது அதுவும் வெயில் கிரீமும்தான். உம்மா முதலில் திட்டினார்கள். இப்போது பாட்டிலில் பாதியைக் காணோம்.

மருந்துக்கடைக்காரர்
நிலா சொன்னதோடு சேர்க்கிறேன். டீச்சருக்கு மங்கு இருப்பதால் அந்தப் பையில் முக்கியமானது அந்த டியூப்தான், பாண்டா இல்லை. மங்கு வெயில் பட்டால் கறுத்துக்கொண்டே போகும், வேறு எதைப் பூசினாலும் வெயிலைத் தடுக்காமல் நிற்காது. எஸ்பிஎஃப் என்ற எண் தோலைச் சுடுகிற கதிருக்கு. பிஏ என்று போட்டுக் கூட்டல் குறி இருக்கும், அது தோலைக் கறுக்க வைக்கிற, ஆழமாகப் போகிற கதிருக்கு. ஒன்றிலிருந்து நான்கு கூட்டல் வரை. மங்குக்காரர்கள் நான்கைப் பார்த்து வாங்குங்கள்.

அரிசி என்று பெரிதாக எழுதியிருந்தாலும் வெயிலைத் தடுப்பது அரிசி இல்லை. பியூட்டி ஆஃப் ஜோசான் கிரீமில் 30 சதவீதம் அரிசிச் சாறு என்று போட்டிருப்பார்கள். அது பதத்துக்கும் ஈரத்துக்கும். தடுக்கிற வேலையைச் செய்வது அதில் சேர்த்திருக்கும் கதிர் வடிகட்டி ரசாயனங்கள். வீட்டில் அரைத்து எடுக்க முடியாத ஒரே சாமான் இதுதான். பயறு மாவுக்கும் மஞ்சளுக்கும் அந்தச் சக்தி கிடையாது.

டீச்சர் கவனிக்க: காலை எட்டு மணிக்குப் பூசியது மாலை நான்கு மணி வெயிலுக்கு வராது. வீட்டுக்குக் கிளம்புவதற்கு முன்னால் முகத்தைக் கழுவி இன்னொரு முறை. வெயிலிலேயே நிற்பவர்கள் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம். ஹெல்மெட்டுக்கு உள்ளே துப்பட்டாவும் இருக்கட்டும். மூன்று மாதத்தில் மங்கு வெளுக்கவில்லையென்றால் தோல் மருத்துவரைப் பாருங்கள்.

மன்னார்குடி அம்மா
ஒரு எச்சரிக்கை. இந்த அழகு டப்பாக்களால் என் வீட்டில் நடந்தது.

யாரோ பிறந்தநாளுக்கு என் தங்கைக்குக் கொடுத்த உதட்டுத் தைலம், பழ வடிவம். கம்பெனி பெயர் வேண்டாம். பார்க்கப் பழம், வாசனையும் பழம். என் இரண்டரை வயதுப் பிள்ளை மூடியைக் கடித்துத் திறந்து, உள்ளே இருந்ததை விரலால் வழித்து வாயில் வைத்துக்கொண்டான். நான் பார்க்கும்போது உதடு, கன்னம், சட்டை எல்லாம் மினுமினுப்பு. "இனிக்கலைம்மா" என்று புகார் வேறு. டாக்டரிடம் ஓடினோம். கொஞ்சம்தான் போயிருக்கிறது, பயமில்லை என்று சொல்லி அனுப்பினார். அன்று ராத்திரி முழுக்க நான் தூங்கவில்லை.

பிள்ளை மேல் தப்பில்லை. பழம் மாதிரி செய்து, பழம் மாதிரி மணக்க வைத்தால் அவன் என்ன செய்வான்?

பூசானில் ஒரு பட்டுக்கோட்டையான்
அக்கா, இந்தப் பயம் இங்கேயும் வந்தது. 2021ல் அழகுசாதனச் சட்டத்தையே திருத்தினார்கள். சாப்பாட்டுப் பொருள் என்று நினைத்து வாயில் போட்டுவிடக்கூடிய அளவுக்கு வடிவத்திலோ பொட்டலத்திலோ அதைப் போலவே செய்த சாமானை விற்கக் கூடாது என்று. ஐரோப்பாவில் 1987லேயே இதற்கு விதி இருக்கிறது.

வெற்றிலைக்கொடி
இது எனக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுக் குட்டி அந்தக் குச்சி ஐஸைக் கேட்டு அழுததை வேடிக்கையாக எழுதிவிட்டேன். அவள் கைக்கு எட்டும் உயரத்தில்தான் மேசை இருக்கிறது. இன்றைக்கே எல்லாவற்றையும் பீரோ மேல் ஏற்றிவிட்டேன்.

புதுப்பெண், திருவாரூர்
ஐப்பசியில் எனக்குக் கல்யாணம். கொரியா கிரீம் போட்டால் இரண்டு மாதத்தில் வெள்ளையாகலாமா? மாப்பிள்ளை வீட்டில் கொஞ்சம் நிறம் கம்மி என்று ஒரு பேச்சு வந்தது.

நாகூர் நிலா
தங்கச்சி, பேச்சு வந்த வீட்டைப் பற்றி நான் ஏதாவது சொன்னால் இழையை மூடிவிடுவார்கள். ஆகவே கிரீமைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெள்ளையாக மாட்டாய். கொரியாவில் 'மிபேக்', அதாவது வெளுக்க வைப்பது, என்று டப்பாவில் போடுவார்கள். நயாசினமைடு, அர்புட்டின் மாதிரி சேர்மானம் இருக்கும். கரும்புள்ளி, தழும்பு கொஞ்சம் மங்கும், அதுவும் மெதுவாக. நீ பிறந்த நிறம் நீ பிறந்த நிறம்தான்.

மருந்துக்கடைக்காரர்
அம்மா, இரண்டு மாதத்தில் வெளுக்க வேண்டும் என்ற அவசரத்தில்தான் என் கடைக்கு ஆள் வந்து "அந்த டியூப் கொடுங்க" என்று பெயர் சொல்லாமல் கேட்கும். ஸ்டீராய்டு கலந்த களிம்பு. பத்து நாளில் பளிச்சென்று ஆகும். பிறகு தோல் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, நிறுத்தினால் முகமெல்லாம் பரு, எரிச்சல். 2018லேயே இவற்றை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். நான் கொடுப்பதில்லை. பெயர், விலாசம் இல்லாத டப்பாவில் வரும் வெளுக்கும் கிரீம்களில் பாதரசமும் இருக்கலாம். அது சிறுநீரகத்துக்குக் கேடு, சட்டப்படியும் தடை.

உனக்கு வேண்டியது நிம்மதியான தூக்கம், வெயில் கிரீம், முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னால் எந்தப் புதுப் பொருளையும் தொடாமல் இருப்பது. முகம் தடித்துப் போய் மணவறையில் உட்கார்ந்த பெண்ணைப் பார்த்திருக்கிறேன்.

மாயவரத்து மாமி
திருவாரூர்ப் பெண்ணே, தியாகராஜர் கோயில் கமலாலயத்தை ஒரு சுற்று சுற்றி வா, முகம் தானாகக் களையாக இருக்கும். நத்தை மட்டும் வேண்டாம்.

சுணைக்காரன்
ஒரு மாதமாக வாயை மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தேன். இப்போது ஒன்று கேட்கிறேன், கிண்டல் பண்ணக் கூடாது.

போன வாரம் அறுப்பு. இயந்திரத்துக்குப் பின்னால் நின்றால் சுணை முகம், கழுத்து, கை எல்லாம் அப்பிக்கொள்ளும். ராத்திரி முழுக்க அரிப்பு. என் வீட்டுக்காரி அவள் தங்கச்சியிடமிருந்து வல்லாரை கிரீம் ஒன்று வாங்கி வைத்திருந்தாள். பூசாண்டி கார்ட்டூன் படம் போட்ட பச்சை டப்பா. எனக்குத் தெரியாமல் தூங்கும்போது கழுத்தில் தடவிவிட்டிருக்கிறாள். காலையில் எரிச்சல் இல்லை. நான் ஒத்துக்கொள்ளவில்லை, சொல்லவும் இல்லை. இரண்டாம் நாள் நானே எடுத்துத் தடவினேன்.

கேள்வி இது: நடவுக்கு வருகிற பெண்கள் எட்டு மணி நேரம் குனிந்தபடி நிற்கிறார்கள். மேலேயிருந்து வெயில், கீழே தண்ணீரில் பட்டு எதிரடிக்கும் வெயில். டீச்சர் சொன்ன அந்த வெயில் கிரீம் அவர்களுக்குக் கட்டுபடியாகுமா? விலையைப் பார்த்தேன், ஒரு நாள் கூலிக்கு மேலே வரும் போலிருக்கிறது.

மருந்துக்கடைக்காரர்
கொரியா டியூப் கட்டுபடியாகாது, உண்மை. இரண்டு விரல் அளவு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் என்றால் 50 மில்லி ஒரே வாரத்தில் தீர்ந்துவிடும். நம் நாட்டிலேயே செய்கிற எஸ்பிஎஃப் 50 கிரீம்கள் அதைவிடக் குறைவான விலையில் இருக்கின்றன, பாண்டா படம்தான் இருக்காது. ஆனாலும் தினக்கூலிக்கு அதுவும் பாரம். முழுக்கைச் சட்டை, தலைத் துண்டு, அதற்கு மேல் அகலமான ஓலைத் தொப்பி. காலை ஆறு மணிக்கே இறங்கிப் பதினோரு மணிக்கு ஏறிவிடும்படி நீங்கள் நேரத்தை மாற்றினால் எந்தக் கிரீமைவிடவும் அது பெரிது. நீங்கள்தானே நில உடைமைக்காரர்.

சுணைக்காரன்
சரி, இது என் தலையிலேயே வந்து விழுந்தது. சம்பா நடவுக்குப் பார்க்கிறேன்.

கொரடாச்சேரி டீச்சர்
நவராத்திரி முடிந்த கையோடு எழுதுகிறேன். மங்கு கொஞ்சம் வெளுத்த மாதிரி எனக்குத் தெரிகிறது, வீட்டில் வேறு யாருக்கும் தெரியவில்லை. டியூப் தீர்ந்துவிட்டது, பதிவு எண் பார்த்து இரண்டாவது வாங்கியிருக்கிறேன். பஞ்சு டப்பா அண்ணன் மகளுக்கே திரும்பப் போய்விட்டது.

தக்காளி தீர்ந்தது, முட்டை தீர்ந்தது. டப்பாக்களைத் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரியில் வைத்திருந்தேன். இந்த வருடம் கொலு வைக்கும்போது மாமியார் செட்டியார் பொம்மையை எடுத்து உட்கார வைத்தார். கடைக்குச் சாமான் பரப்பச் செப்புச் சட்டியைத் தேடினால் எலி கடித்த பையில் பாதி உடைந்து கிடக்கிறது. மாமியார் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு அலமாரியைத் திறந்து, தக்காளியையும் முட்டையையும் எடுத்துச் செட்டியார் முன்னால் வைத்தார். பக்கத்தில் கொஞ்சம் உளுந்து, மிளகாய் வற்றல். உயரத்தில் தக்காளி செட்டியாரின் தொப்பையளவு இருந்தது. பார்க்க வந்தவர்களில் ஒருத்தர்கூட அதைப் பிளாஸ்டிக் என்று கண்டுபிடிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா மட்டும் "தக்காளி வாடவே இல்லையே" என்று இரண்டு நாள் கேட்டுக்கொண்டிருந்தார்.

மன்னார்குடி அம்மா சொன்னது நினைவில் இருந்ததால் மூன்றாவது படிக்கு மேல்தான் வைத்தோம். டப்பாவையும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டேன்.

பாண்டாவை இன்னும் திறக்கவில்லை. அதன் அடியில் இருக்கும் தேதிக்குப் பக்கத்தில் 'க்காஜி' போட்டிருக்கிறது. வருகிற மாசி வரை நேரம் இருக்கிறது.

வெற்றிலைக்கொடி
டீச்சரக்கா, செட்டியார் படம் போடுங்கள் முதலில்.